விட்ரெக்டமி நடுவில் கருவி மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்து எங்கே தேடுவது

விட்ரெக்டமி என்பது கண்ணுக்குள் நிரம்பியிருக்கும் விட்ரியஸ் என்ற ஜெல்லை வெட்டி உறிஞ்சி எடுக்கும் அறுவை. அது நடக்கும் ரெட்டினா (விழித்திரை) தியேட்டரில் கருவி மக்கர் செய்தால் அது பெரும்பாலும் கண் திறந்திருக்கும்போதுதான் நடக்கும். டாக்டரின் கண் மைக்ராஸ்கோப்பில் இருக்கும், விளக்கெல்லாம் அணைந்திருக்கும், தேட வேண்டியது நாம்தான். நான் கண் மருத்துவமனை ஒன்றில் தியேட்டர் டெக்னீஷியன். புதிதாக வருபவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுப்பதை இங்கே எழுதி வைக்கிறேன். மெஷினின் பெயர் எதுவாக இருந்தாலும், உங்களிடம் இருப்பது 23, 25, 27 கேஜ் (கருவியின் தடிமன், எண் கூடினால் மெல்லியது) எதுவாக இருந்தாலும் தேடும் வரிசை ஏறக்குறைய இதுதான். ஆனால் பட்டன் எங்கே, எண் எவ்வளவு என்பதற்கு உங்கள் மெஷினின் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். டாக்டர் பெடலில் இருந்து காலை எடுக்க வேண்டும், கட்டர் (விட்ரியஸை வெட்டி உறிஞ்சும் கருவி) கண்ணை விட்டு வெளியே வர வேண்டும், இன்ஃப்யூஷன் (கண் சுருங்காமல் இருக்க உள்ளே விடும் நீர்) மட்டும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். (விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் ரத்தக்குழாய்ப் படலமான கோராய்டு வீங்கி வருகிறது என்றால் மட்டும் இது மாறும், அதைக் கீழே சொல்கிறேன்.) "சார், சக்‌ஷன் வேண்டாம், ஒரு நிமிஷம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாமல் பின்னால் போய் டியூபைக் கழற்றுவதுதான் மிக ஆபத்தான காரியம்.

அப்புறம் தேடும் திசை. கண்ணில் இருக்கும் முனையில் தொடங்கி டியூப், கேசட் (உறிஞ்சியது வந்து சேரும் பெட்டி), மெஷின், சுவரில் இருக்கும் காற்றுக் குழாய் என்று பின்னோக்கிப் போங்கள். பதற்றத்தில் எல்லோரும் முதலில் மெஷின் திரையைத்தான் தட்டுவார்கள். ஆனால் கோளாறு பெரும்பாலும் இணைப்பிலோ டியூபிலோதான் இருக்கும். இரண்டு பொருளை ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள், எது கெட்டது என்று கடைசி வரை தெரியாமலே போய்விடும்.

## 1. கட்டர் வெட்டவில்லை

### சத்தமே இல்லை

காற்றழுத்தத்தில் ஓடும் கட்டருக்கு ஒரு டிக்டிக் ஓசை உண்டு, வேகம் கூடினால் அது ரீங்காரமாக மாறும். அந்த ஓசையே இல்லை என்றால் வெட்டும் கட்டளை கட்டருக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

பெடல் எந்த மோடில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சக்‌ஷன் மட்டும் இருக்கும் மோடில் விட்டுவிட்டு "வெட்டவில்லை" என்று தேடுவது அடிக்கடி நடக்கிறது. அடுத்து, காற்று டியூபின் இணைப்பு கிளிக் என்று உட்கார்ந்திருக்கிறதா. பாதி உட்கார்ந்த இணைப்பு பார்வைக்குச் சரியாகவே தெரியும், கையால் இழுத்துப் பார்த்தால்தான் தெரியவரும். அடுத்து டியூபை முழுக்கக் கையால் தடவிக்கொண்டே வாருங்கள். டிரேப்புக்கு அடியில் மடங்கியிருக்கலாம், டாக்டரின் ஸ்டூல் சக்கரம் ஏறி நின்றிருக்கலாம், டவல் கிளிப் கவ்வியிருக்கலாம்.

இதெல்லாம் சரி என்றால் காற்று வரவைப் பாருங்கள். சிலிண்டர் என்றால் அழுத்தம் காட்டும் கேஜ், கம்ப்ரஸர் என்றால் அது உண்மையிலேயே ஓடுகிறதா. கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போது மெஷின் யு.பி.எஸ்.ஸில் உயிரோடு இருக்கும், கம்ப்ரஸர் மட்டும் நின்று போயிருக்கும். தொட்டியில் மிச்சமிருந்த காற்றில் சில நிமிடம் வெட்டிவிட்டு அப்புறம்தான் நிற்கும் என்பதால் கரண்ட் போனதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகவே யாருக்கும் தோன்றாது. மாற்று சிலிண்டரை இணைத்ததும் கட்டர் ஓடினால் கேஸை முடியுங்கள், கம்ப்ரஸரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காற்று வருகிறது, இணைப்பும் சரி, புதுக் கட்டர் போட்டும் ஓசை இல்லை என்றால் கோளாறு மெஷினுக்கு உள்ளே, வால்விலோ ரெகுலேட்டரிலோ. அதோடு நிறுத்திக்கொண்டு பயோமெடிக்கல் எஞ்சினீயரைக் கூப்பிடுங்கள். கேஸ் நடுவில் மெஷின் மூடியைத் திறக்க யாருக்கும் அனுமதி இல்லை.

### சத்தம் இருக்கிறது, ஆனால் வெட்டாமல் இழுக்கிறது

என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலிலேயே இதுதான் மிக மோசமான கோளாறு. சத்தமே இல்லை என்றால் எல்லோரும் நிறுத்திவிடுவார்கள், சத்தம் இருந்தால் நிறுத்த மாட்டார்கள். பிளேடு துளையை முழுதாக மூடவில்லை என்றால் விட்ரியஸ் உள்ளே போய் மாட்டிக்கொண்டு அறுபடாமல் இழுபடும், அதன் மறுமுனை விழித்திரையில் ஒட்டியிருக்கும். "இழுக்கிற மாதிரி இருக்கு" என்று டாக்டர் ஒரு முறை சொன்னாலே போதும், கட்டரை வெளியே எடுத்துச் சோதித்துவிட வேண்டும்.

சோதனை எளிது. ஸ்டெரைல் கிண்ணத்தில் பி.எஸ்.எஸ். (கண்ணுக்குள் விடும் உப்பு நீர்) எடுத்து, முனையை அதற்குள் மூழ்க வைத்து, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் பிடியுங்கள். வெட்டும் வேகத்தை மெஷின் அனுமதிக்கும் மிகக் குறைந்த எண்ணுக்குக் கொண்டுவந்தால் பிளேடு வந்து போவது கண்ணுக்கே தெரியும். துளையின் ஓரம் வரை வந்து முழுதாக மூடுகிறதா, பாதியில் திரும்புகிறதா என்று பாருங்கள். காற்றில் வைத்து ஓட்டிச் சோதிக்காதீர்கள்.

குறைந்த வேகத்திலேயே முழுதாக மூடவில்லை என்றால் அந்தக் கட்டரின் கதை முடிந்தது, புதியது எடுங்கள். குறைந்த வேகத்தில் ஒழுங்காக மூடி, வேகம் கூடும்போது மட்டும் தடுமாறினால் கட்டரை உடனே குறை சொல்லாதீர்கள். காற்றழுத்தம் போதவில்லை என்றாலும் இப்படித்தான் ஆகும். சுவர் கேஜில் காட்டும் அழுத்தத்தைக் கையேட்டில் சொன்ன அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கேஸ் இல்லாத நேரத்தில் கேஜ் சரியாகக் காட்டி, நாலு தியேட்டரும் ஒரே நேரத்தில் ஓடும்போது கீழே இறங்குவதும் உண்டு. அது கம்ப்ரஸரின் கொள்ளளவுப் பிரச்சினை, நிர்வாகத்திடம் எழுதிக் கொடுக்க வேண்டியது.

இரண்டு காற்று டியூப் உள்ள கட்டர்களில், திறக்க ஒன்று, மூட ஒன்று. அதில் ஒன்று மட்டும் தளர்ந்தாலும் ஓசை வரும், வெட்டு வராது. இரண்டையும் தனித்தனியாக அழுத்திப் பாருங்கள்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. கட்டர் சரியாகவே இருக்கும், அந்த இடத்தில் வெட்ட விட்ரியஸே இருக்காது, அல்லது இருந்தும் கண்ணுக்குத் தெரியாது. டிரையாம்சினலோன் கொஞ்சம் விட்டால் மிச்சமிருக்கும் விட்ரியஸ் வெள்ளையாகத் தெரியும். இது டாக்டரின் முடிவு, நாம் மருந்தைத் தயாராக வைத்திருந்தால் போதும்.

ஒருமுறை மட்டும் பயன்படுத்தவென்று வரும் கட்டரைக் கழுவி மறுபடி ஸ்டெரைல் செய்து போடும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செலவு என்ன என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் குழலுக்குள் காய்ந்த விட்ரியஸையும் எண்ணெயையும் முழுதாக வெளியே எடுக்க வழியில்லை, பிளேடும் முதல் நாள் இருந்த பிளேடு இல்லை. வெட்டாமல் இழுக்கும் கட்டருக்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. இதைச் சொல்லும் இடத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

## 2. வெட்டுகிறது, ஆனால் உறிஞ்சவில்லை

முதலில் உங்கள் மெஷினின் பம்ப் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் சோதனை அதைப் பொறுத்து மாறும்.

பெரிஸ்டால்டிக் பம்ப் (உருளைகள் டியூபை நசுக்கி இழுக்கும் வகை): கட்டரை வெளியே எடுத்து, கைப்பிடிக்குப் பக்கத்தில் சக்‌ஷன் டியூபை விரலால் நசுக்கிக்கொண்டு பெடலை மிதிக்கச் சொல்லுங்கள். திரையில் வெற்றிட எண் ஏறினால் நசுக்கிய இடத்திலிருந்து மெஷின் வரை நலம், அடைப்பு முனையில் இருக்கிறது. எண் ஏறவே இல்லை என்றால் எங்கோ காற்று கசிகிறது, அல்லது கேசட் சரியாக உட்காரவில்லை.

வென்சூரி பம்ப் (காற்றோட்டத்தால் வெற்றிடம் உண்டாக்கும் வகை): இதில் திரையில் தெரியும் எண்ணை நம்பித் தீர்ப்பு சொல்ல முடியாது. முனை அடைத்திருந்தாலும் கேட்ட எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். கிண்ணத்தில் முனையை வைத்து, தண்ணீர் மட்டம் இறங்குகிறதா, கேசட்டுக்குள் வந்து விழுகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

அடைப்பு என்றால் கண்ணுக்கு வெளியே வைத்து ரிஃப்ளக்ஸ் (நீரைத் திருப்பி முனை வழியே தள்ளுவது) கொடுங்கள். கண்ணுக்குள் வைத்துக் கொடுத்தால் அடைத்திருந்த துண்டு அப்படியே விழித்திரை மேல் போய் விழும். பழைய ரத்தக்கட்டு, கீழே விழுந்த லென்ஸ் துண்டு, சிலிக்கான் எண்ணெய், இந்த மூன்றும் இருக்கும் கேஸ்களில் அடைப்பு வரும் என்று எதிர்பார்த்தே ஒரு சிரிஞ்சில் பி.எஸ்.எஸ். எடுத்து வையுங்கள். ரிஃப்ளக்ஸுக்கு அசையவில்லை என்றால் டியூபைக் கழற்றி, சிரிஞ்சால் பின்னிருந்து முன்னுக்கு மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் கட்டரை மாற்றுங்கள், கம்பியை விட்டுக் குத்தாதீர்கள்.

டியூபுக்குள் குமிழி குமிழியாக ஓடினால் இணைப்பு ஒன்று தளர்ந்திருக்கிறது. கேசட் நிரம்பியிருக்கிறதா என்பதையும் பாருங்கள், நீண்ட கேஸில் இது மறந்து போகும்.

27 கேஜ் போட்டுவிட்டு "மெதுவாக இருக்கிறது" என்றால் அது கோளாறு இல்லை. முனையின் வெளிவிட்டமே சுமார் 0.4 மி.மீ. தான், 23 கேஜ் சுமார் 0.6 மி.மீ. நேற்று 23-இல் செய்த கையோடு இன்று 27-ஐ எடுத்தால் அப்படித்தான் தோன்றும்.

## 3. கண் மெத்தென்று ஆகிறது, சுருங்குகிறது

1970-இல் கண் மருத்துவர் ராபர்ட் மாக்கெமர் செய்த முதல் கருவியில் வெட்டுவது, உறிஞ்சுவது, நீர் விடுவது மூன்றும் ஒரே தடித்த குழலில் இருந்தன. இப்போது இன்ஃப்யூஷன் தனி வழி. அது கண்ணோரத்தில் டேப் ஒட்டி, டிரேப்பில் மறைந்து கிடக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள். அதனால்தான் இதற்கு அதிக இடம் கொடுக்கிறேன்.

சக்‌ஷனை நிறுத்திய உடனே கண் மறுபடி நிமிர்ந்துவிட்டால் இன்ஃப்யூஷன் உயிரோடுதான் இருக்கிறது, வரவை விடச் செலவு அதிகம், அவ்வளவுதான். வெற்றிடத்தைக் குறையுங்கள் அல்லது டாக்டர் சொன்னால் இன்ஃப்யூஷன் அழுத்தத்தை ஏற்றுங்கள். வால்வ் இல்லாத கேனுலா (கருவி உள்ளே போகக் கண் சுவரில் போட்ட சிறு குழல்) திறந்து கிடந்தாலும் இப்படி ஆகும், பிளக் போடுங்கள்.

நிறுத்தியும் நிமிரவில்லை என்றால், இந்த முறை மட்டும் நான் பாட்டிலிலிருந்து கண்ணை நோக்கி வரச் சொல்வேன், ஏனென்றால் எளிய காரணங்கள் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன.

- பாட்டில் காலி. கேட்கக் கூச்சமாக இருந்தாலும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.
- கண்ணாடிப் பாட்டில் என்றால் காற்று வழி ஊசி போட்டிருக்கிறதா, அதன் ஃபில்டர் நனைந்து அடைத்திருக்கிறதா.
- ஸ்டாப்காக் (வழி மாற்றும் திருகு) எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. காற்றுக்கு மாற்றிவிட்டு நீருக்குத் திருப்ப மறந்திருக்கலாம்.
- பாட்டில் உயரத்தை நம்பும் மெஷின் என்றால், நோயாளியின் மேசையை ஏற்றியபோது பாட்டிலையும் ஏற்றினீர்களா. கண்ணுக்கு மேல் 40 செ.மீ. உயரம் என்பது ஏறக்குறைய 30 மி.மீ. பாதரச அழுத்தம். மேசை மட்டும் ஏறினால் அது தானாகக் குறைந்துவிடும்.
- டியூப் மடங்கியிருக்கிறதா, கேனுலாவிலிருந்து கழன்று டிரேப்பை நனைத்துக்கொண்டிருக்கிறதா.

நீருக்குப் பதில் காற்று ஓடும்போது கண் சுருங்கினால் காற்று டியூபில் இருக்கும் ஃபில்டரைப் பாருங்கள். அதற்குள் நீர் ஏறிவிட்டால் காற்று போகாது. புதிய ஃபில்டர் போட வேண்டும், உதறிவிட்டுப் போடுவது வேலைக்கு ஆகாது.

### கேனுலா முனை எங்கே இருக்கிறது

இது தனித் தலைப்பு பெறும் விஷயம். இன்ஃப்யூஷனைத் திறப்பதற்கு முன்பே, கேனுலாவின் உலோக முனை விட்ரியஸ் அறைக்குள் பளிச்சென்று தெரிகிறதா என்று டாக்டர் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். மேலே ஒரு மெல்லிய சவ்வு மூடினாற்போலத் தெரிந்தால் திறக்கக் கூடாது. வழக்கமாக லிம்பஸிலிருந்து (கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் ஓரம்) இயற்கை லென்ஸ் உள்ள கண்ணில் 4 மி.மீ., லென்ஸ் மாற்றிய கண்ணில் 3.5 மி.மீ. தள்ளி ட்ரோக்கார் (கேனுலாவை உள்ளே இறக்கும் கூரான கருவி) போடுகிறார்கள், அதற்கு ஸ்கேலைச் சரியாக எடுத்துக் கொடுப்பது நம் வேலை.

அறுவை நடுவில் டியூப் இழுபட்டு கேனுலா பாதி வெளியே வந்துவிட்டால் முனை கோராய்டுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும், நீர் அங்கே போய்த் தேங்கும். கண் சுருங்குகிறது, கூடவே ஓரத்தில் பழுப்பான மேடு எழும்புகிறது என்றால் இன்ஃப்யூஷனை உடனே மூடுங்கள். இங்கே மட்டும்தான் ஆரம்பத்தில் சொன்ன விதி தலைகீழாகிறது. அடுத்து இன்ஃப்யூஷனை வேறு கேனுலாவுக்கு மாற்றுவதா, நீளமான கேனுலா போடுவதா என்பதெல்லாம் சர்ஜனின் முடிவு. டாக்டர் பயிற்சியில் இருப்பவர் என்றால், இந்த நிலையில் சீனியரை வரச்சொல்வது நாமாக இருந்தாலும் தவறில்லை.

## 4. வெளிச்சம் போதவில்லை

பவரை ஏற்றாதீர்கள், முதலில் காரணத்தைத் தேடுங்கள். மங்கல் வேறு காரணத்தால் வந்தது என்றால் நீங்கள் ஏற்றிய வெளிச்சம் முழுக்க விழித்திரையின் மையத்தில் விழும், அது விழித்திரையைச் சுட்டுவிடும்.

லைட் பைப்பை (கண்ணுக்குள் வெளிச்சம் தரும் ஃபைபர்) வெளியே எடுத்து வெள்ளைத் துணியில் அடித்துப் பாருங்கள். வட்டம் பிரகாசமாக விழுந்தால் லைட் பைப்பில் குறை இல்லை, அடுத்த தலைப்புக்குப் போங்கள். மங்கலாக இருந்தால் முனையில் ரத்தம் ஒட்டியிருக்கிறதா என்று ஈரத் துணியால் துடையுங்கள். மெஷின் பக்கம் இணைப்பு முழுக்க உள்ளே போயிருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். இரண்டு விளக்குத் துளை உள்ள மெஷின் என்றால் மற்றதில் செருகிப் பாருங்கள். அங்கே நன்றாக எரிந்தால் முதல் துளையின் விளக்குக்கு வயதாகிவிட்டது.

ஃபைபர் உடைந்திருக்கிறதா என்று பார்க்க, மெஷினிலிருந்து கழற்றி ஒரு முனையைத் தியேட்டர் விளக்கை நோக்கிக் காட்டி மறுமுனையைப் பாருங்கள். மெஷினில் இணைத்த நிலையில் முனையைக் கண்ணருகே கொண்டு போகவே கூடாது. ஃபைபரைச் சிறிய வட்டமாகச் சுருட்டிக் கட்டி வைப்பதுதான் உடைவதற்கு முக்கியக் காரணம்.

செனான் விளக்கு என்றால் எத்தனை மணி நேரம் எரிந்தது என்பதை மெஷினே காட்டும். மாற்றுவது எஞ்சினீயர் வேலை, சூடாக இருக்கும் விளக்கைத் தொடாதீர்கள்.

## 5. வெளிச்சம் சரி, ஆனால் காட்சி மங்கல்

கருவிழி காய்ந்திருக்கும், பெரும்பாலும் இதுதான். மேலே விஸ்கோ (கெட்டியான ஜெல்) கொஞ்சம் பூசினால் தெளியும். டாக்டர் பார்க்கும் லென்ஸில் ஆவி படிந்திருக்கிறதா பாருங்கள், நோயாளியின் மூச்சு டிரேப் இடைவெளி வழியே மேலே வருகிறது என்றால் அந்த ஓரத்தை மறுபடி ஒட்டுங்கள். லேசர் முடிந்த பிறகு மைக்ராஸ்கோப் ஃபில்டரை எடுக்க மறந்தால் எல்லாமே மங்கி நிறம் மாறித் தெரியும். படம் தலைகீழாகத் தெரிந்தால் மைக்ராஸ்கோப்பில் படத்தை நிமிர்த்தும் இன்வெர்ட்டர் மாறவில்லை.

நீரை எடுத்துக் காற்று விட்டதும் திடீரென்று பனி மூடினால், லென்ஸ் மாற்றி, லென்ஸ் உறையின் பின்பக்கம் திறந்திருக்கும் கண்ணில் செயற்கை லென்ஸின் பின்பக்கம் ஈரம் படிகிறது. டாக்டர் உள்ளிருந்து அதன் பின்பக்கத்தில் விஸ்கோ தடவுவார், கேனுலாவோடு எடுத்து வையுங்கள்.

## 6. ஃபோர்செப்ஸ் பிடிக்கவில்லை

ஐ.எல்.எம். (விழித்திரையின் மேல் இருக்கும் மெல்லிய சவ்வு) உரிக்கும் ஃபோர்செப்ஸ் ஒரு தடவை கீழே விழுந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள், வெறும் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாது. மைக்ராஸ்கோப்பில் பெரிதாக்கி மூன்று விஷயம் பாருங்கள்: இரண்டு தாடையும் நுனியில் சந்திக்கின்றனவா, நடுவில் மட்டும் சந்தித்து நுனி திறந்திருக்கிறதா, இடையில் காய்ந்த திசு ஏதும் இருக்கிறதா. 10-0 நைலான் நூலைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தால் வழுக்குவது தெரிந்துவிடும்.

தாடைகள் நன்றாக இருந்தும் மூடவில்லை என்றால் கைப்பிடியைப் பாருங்கள். பிடியை அழுத்தும்போது வெளிக்குழல் முன்னே நகர்ந்துதான் தாடைகளை மூடுகிறது. உள்ளே உப்பு காய்ந்தால் அது நகராது. வெந்நீரில் கழுவி, சிரிஞ்சால் டிஸ்டில்டு வாட்டர் ஏற்றிப் பாருங்கள். முனை திருகாணியில் மாட்டும் வகை என்றால் அது தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான்.

கேனுலாவுக்குள் போகவே மறுத்தால் கேஜ் மாறியிருக்கலாம், இல்லை தண்டு வளைந்திருக்கலாம். 25, 27 கேஜ் தண்டு நூல் போல மெல்லியது, வளைந்ததை நிமிர்த்தி மறுபடி கண்ணுக்குள் விடாதீர்கள். நுனியைத் தீட்டித் தருகிறேன் என்று வெளியில் யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள், தயாரிப்பாளரிடம்தான் போக வேண்டும்.

இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை தியேட்டரில் பிறப்பதில்லை, கழுவும் அறையில்தான் பிறக்கின்றன. கேஸ் முடிந்ததும் சலைனில் ஊறப் போடுவது கருவியைத் துருவுக்குத் தாரை வார்ப்பதுதான். உடனே டிஸ்டில்டு வாட்டரில் கழுவுங்கள், குழல் உள்ளவற்றில் தண்ணீரும் அப்புறம் காற்றும் ஏற்றுங்கள், அல்ட்ராசோனிக்கில் தாடை திறந்த நிலையில் ஒன்றோடொன்று உரசாமல் வையுங்கள், நுனிக்கு மூடி போட்டு அதற்கென்றே இருக்கும் சிலிக்கான் பாய் விரித்த தட்டில் அடுக்குங்கள். ஃபேகோ (கண்புரை அறுவை) செட்டோடு சேர்த்துப் போட வேண்டாம்.

## 7. லேசர் சுடவில்லை

குறி ஒளி (எங்கே சுடும் என்று காட்டும் வெளிச்சம்) தெரிகிறதா என்பதுதான் கிளை பிரியும் இடம். தெரியவில்லை என்றால் புரோப் இணைப்பு, அப்புறம் ஃபைபர் உடைப்பு. குறி ஒளி தெரிந்தும் பெடல் மிதித்தால் ஒன்றும் இல்லை என்றால் மெஷின் ஸ்டாண்ட்பையில் இருக்கும், அல்லது மைக்ராஸ்கோப் ஃபில்டர் இணைப்பு கழன்றிருக்கும், பாதுகாப்புக்காக மெஷின் தானே மறுக்கிறது. அந்த இணைப்பை ஏமாற்றிச் சுட வைக்காதீர்கள், எதிரே உட்கார்ந்திருப்பது டாக்டரின் கண்.

எல்லாம் ஓடியும் விழித்திரையில் வெள்ளைப் புள்ளி விழவில்லை என்றால் முனையில் கரி படிந்திருக்கலாம். இல்லை, அந்த இடத்தில் விழித்திரைக்கு அடியில் இன்னும் நீர் இருக்கிறது. அங்கே பவரை ஏற்றுவதால் பயனில்லை, நீரை எடுத்துப் படிய வைத்த பிறகுதான் பிடிக்கும்.

## 8. சிலிக்கான் எண்ணெய் உள்ளே போகவில்லை

லேபிளைப் பாருங்கள். எண்ணெயின் கெட்டித்தன்மை 1000 சென்டிஸ்டோக்ஸா, 5000-மா? 5000 என்றால் மெல்லிய கேனுலாவில் மிக மெதுவாகத்தான் போகும், பொறுமை தவிர வேறு மருந்து இல்லை. குட்டையான, அந்த கேஜுக்குக் கிடைப்பதில் அகலமான கேனுலாவாக மாற்றுங்கள். சிரிஞ்சின் பிஸ்டன் கோணலாக ஏறியிருக்கிறதா, டியூப் இணைப்பு லாக் ஆகியிருக்கிறதா பாருங்கள், அழுத்தத்தில் இணைப்பு பிய்த்துக்கொண்டு போவது உண்டு. எண்ணெய் உள்ளே வரும்போது காற்று வெளியேற வழி இருக்கிறதா என்பதையும் டாக்டருக்கு நினைவுபடுத்துங்கள். கண் கல்லாகி ஆப்டிக் டிஸ்க் (பார்வை நரம்பின் முகப்பு) வெளுத்தால் உடனே நிறுத்த வேண்டும்.

## எஞ்சினீயரை எப்போது கூப்பிடுவது

புதுக் கட்டர், புதுக் கேசட், மாற்று சிலிண்டர் மூன்றும் போட்டும் அதே அறிகுறி நின்றால். மெஷின் ஒரே பிழை எண்ணை அணைத்துப் போட்ட பிறகும் காட்டினால். காற்று டியூபில் தண்ணீர் தெரிந்தால், ஏனென்றால் கம்ப்ரஸரின் ஈரம் பிடிக்கும் கிண்ணம் நிரம்பி வழிந்து மெஷினுக்குள் போகத் தொடங்கிவிட்டது. நீங்கள் வைத்த இன்ஃப்யூஷன் அழுத்தம் ஒன்று, கண்ணில் டாக்டர் உணர்வது வேறு என்றால். இந்த நான்கிலும் அடுத்த நோயாளியை மேசையில் ஏற்றுவதற்கு முன்பே கூப்பிடுங்கள், மூன்றாவது கேஸ் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

கூப்பிடும்போது "மெஷின் வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொன்னால் அவரும் முதலிலிருந்து தொடங்குவார். வெட்டவில்லையா உறிஞ்சவில்லையா, ஓசை இருந்ததா, எந்த வேகத்தில், சுவர் கேஜ் எவ்வளவு காட்டியது, எதையெல்லாம் மாற்றிப் பார்த்தீர்கள், இதைச் சொல்லுங்கள். திரையில் பிழை எண் இருந்தால் அணைக்கும் முன் எழுதி வையுங்கள். கெட்டுப்போன கட்டரைக் கழிவுத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். கசியாத உறையில் இட்டு, தொற்றுக் கழிவு என்ற அடையாளத்தோடு, பாக்கெட்டில் இருக்கும் லாட் எண் ஸ்டிக்கரையும் ஒட்டித் தனியாக எடுத்து வையுங்கள், அது இல்லாமல் கம்பெனியிடம் கேள்வி கேட்க முடியாது.